விசா அவள் பெயரில் இருக்கும்போது

இங்கிலாந்துக்குப் புறப்படும் நம் சபைகளின் இளம் தம்பதியருக்கு ஒரு திறந்த மடல்



நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யூர், பாளையங்கோட்டை, நாசரேத் என்று நம் சபைகள் வேர்விட்ட ஊர்களிலிருந்து, கல்யாணக் களை மாறுமுன்னே இங்கிலாந்துக்குப் பெட்டி கட்டுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் இங்கே, இங்கிலாந்தில், வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். நம் பக்கத்துப் பிள்ளைகள் புதிதாக வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவேன். வீடு பார்த்துக் கொடுப்பேன். முதல் வாரத்துக்கான அரிசி பருப்பு வாங்கிக் கொடுப்பேன். அதனால் உங்களைப் போன்றவர்களின் முதல் வருடத்தை மிக அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்க்கிறது. அந்த வருடத்தில் குடும்பத்தைப் பிடித்து உலுக்குகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஊரில் அதைப் பற்றி யாரும் உங்களிடம் வாய் திறப்பதில்லை.

உங்களில் பெரும்பாலோர் வீட்டில் விசா மனைவியின் பெயரில் வந்திருக்கும். ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிப் பாஸானது அவள். நேர்காணலில் பேசியது அவள். ஆஸ்பத்திரி ஸ்பான்சர் செய்வதும் அவளை. கணவன் டிபெண்டன்டாக, அவள் விசாவைச் சார்ந்தவனாக, கூட வருகிறான். பெண் பார்க்கும்போதே இதை இரு வீட்டாரும் கணக்குப் போட்டுப் பேசியிருப்பார்கள். நர்ஸிங் படித்து ஓ.இ.டி. முடித்த பெண் என்றால் நம் பக்கத்தில் தரகர்கள் தேடி வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு காகிதம் வீட்டுக்குள் எதையெல்லாம் மாற்றிப் போடும் என்று பேசுகிறவர்கள் இல்லை. மாறாதது போலவே நடந்துகொள்ளலாம் என்று இரு குடும்பமும் நினைத்து, சபையும் ஆமென் சொல்லி அனுப்பிவிடுகிறது. சுமை முழுக்க ஒரு பெண்ணின் தோளில் இறங்குகிறது. கூட வந்த பையனும் உள்ளுக்குள் உடைந்துபோகிறான். இரண்டையும் நான் பார்த்துவிட்டேன். அதனால்தான் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இந்த மடல்.

உங்கள் வழியனுப்பு ஜெபத்தில் ஐயர் அநேகமாக ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தைத்தான் எடுத்திருப்பார். இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுக் கிளம்பிய ஆபிராமின் கதை. நல்ல வசனந்தான். ஆனால் பிரசங்கம் வழக்கமாக அதிகாரத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதியையும் இருவரும் உட்கார்ந்து வாசியுங்கள். போன இடத்தில் பஞ்சம் வருகிறது. எகிப்துக்கு இறங்குகிறார்கள். அந்நிய நாட்டில் தன் உயிருக்குப் பயந்த கணவன், மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொல்கிறான். அவள் பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அவள் நிமித்தம் அவனுக்கு ஆடுமாடுகளும் கழுதைகளும் ஒட்டகங்களும் வேலைக்காரரும் கிடைக்கிறார்கள். விசுவாசத்தின் தகப்பன் என்று நாம் கொண்டாடுகிறவரே, புலம்பெயர்ந்த இடத்தில் ஆபத்து முழுவதையும் மனைவி மேல் ஏற்றிவிட்டு வந்த பலனைத் தான் வாங்கிக்கொண்டார். வேதம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. நாம்தான் பிரசங்கத்தில் தாண்டிப் போகிறோம். வெளிநாடு போகிற ஒவ்வொரு தம்பதிக்கும் அந்த இரண்டாம் பாதிதான் முதலில் தேவை.

புதிய ஏற்பாட்டில் இன்னொரு தம்பதி உண்டு, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். ரோமாபுரியைவிட்டு யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் கொரிந்துவுக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது தொழில், இருவருக்கும் அதே தொழில். பவுல் அவர்கள் வீட்டில்தான் தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவுக்குப் போனார்கள். அங்கே அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரைத் தனியாக அழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் இருவருமாகத்தான். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீடு சபை கூடும் இடமானது. அவர்கள் பெயர் வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். சில இடங்களில் கணவன் பெயர் முதலில் வரும், சில இடங்களில் மனைவி பெயர். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமல்ல. யார் பெயர் முன்னால் நின்றாலும் அந்த வீட்டில் வேலை நடந்தது. உங்கள் கல்யாண ஆராதனையில் இவர்களைப் பற்றி யாராவது பேசினார்களா? நான் போன கல்யாணங்களில் கேட்ட ஞாபகம் இல்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

வந்தவுடன் அவள் நர்ஸ் இல்லை. இங்குள்ள நர்ஸிங் கவுன்சிலின் பதிவு எண், பின் நம்பர் என்பார்கள், கையில் வரும்வரை அவள் நர்ஸுக்குக் கீழான பேண்டில், அதாவது சம்பளப் படியில்தான் சம்பளம் வாங்குவாள். பின் நம்பர் வர ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் பாஸாக வேண்டும். அதில் பத்து ஸ்டேஷன், அதாவது பத்துச் சோதனைகள். நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பது, கூடவே கைத்திறன் சோதனைகள் எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முதல் முறை போகவேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு முடிய வேண்டும் என்று விசா விதியே சொல்கிறது. ஊரில் ஐ.சி.யு.வில் தனியாக நின்று சமாளித்த பெண்கள்கூட இந்த மூன்று மாதத்தில் தூக்கம் இழந்து போகிறார்கள். திறமை இல்லாததால் அல்ல. ஒரு சின்னக் காயத்துக்குக் கட்டுப் போடுவதிலும் எந்த வார்த்தையை எந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இங்கே ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் செய்தால் செய்ததாகவே கணக்கு இல்லை.

இந்த மூன்று மாதத்தில் கணவன் என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் பார்த்த ஒரு பையனைத்தான் காட்டுவேன். மெக்கானிக்கல் படித்தவன். அவர்கள் தங்கியிருந்த ஒற்றை அறையில், டூட்டி முடிந்து அவள் வந்து சாப்பிட்டதும், அவன் கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கொள்வான். மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை, அதில் ஒரு பொய்ப் பெயரும் பிறந்த தேதியும். அவள் கதவுக்கு வெளியே போய், கை கழுவுகிற பாவனையோடு உள்ளே வருவாள். பெயரைச் சொல்லச் சொல்லிப் பட்டையோடு ஒப்பிடுவாள், ஒவ்வாமை உண்டா என்று கேட்பாள், சுவாசம் எண்ணுவாள். அவன் ஒரு கையில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு, மறுகையில் மதிப்பெண் தாளை வைத்து டிக் அடிப்பான். ஒவ்வாமையைக் கேட்க மறந்தால் "மறுபடியும் முதலிலிருந்து" என்பான். அவனுக்கு ஒரு மருத்துவ வார்த்தையும் தெரியாது. ஆனால் பரீட்சை நாள் வரும்போது பத்து ஸ்டேஷனையும் அவன் வரிசை தப்பாமல் ஒப்பிப்பான். அந்த அறையை நான் ஒரு ஜெப வீடாகவே நினைக்கிறேன். அவள் பாஸானபோது ஊரிலிருந்து போன் பண்ணியவர்கள் அவளை மட்டும் வாழ்த்தினார்கள். நான் இருவருக்கும் சேர்த்துக் கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

பணம். பின் நம்பர் வந்த பிறகு 2025-26 கணக்கில் பேண்ட் 5 நர்ஸின் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண்டு. ஊரில் இதை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கனவு காண்கிறார்கள். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போக மாதம் ஏறக்குறைய 2,000 பவுண்டு கையில் வரும். வாடகை அதில் பாதியை விழுங்கும். கவுன்சில் வரி, குளிர்காலத்து ஹீட்டர் பில், பஸ் பாஸ், சாப்பாடு எல்லாம் மீதியில்தான். இந்த மீதியிலிருந்துதான் அவளுடைய நர்ஸிங் கல்விக் கடன், தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், கணவன் வீட்டில் பாதியில் நிற்கிற மாடி எல்லாம் நடக்க வேண்டும் என்று இரண்டு வீடும் தனித்தனியாக எதிர்பார்க்கிறது. சேர்ந்து உட்கார்ந்து யாரும் கூட்டிப் பார்த்ததே இல்லை. கூட்டிப் பார்த்தால் எந்தச் சம்பளத்திலும் அடங்காது.

இதில் எனக்கு மனம் ஆறாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் வரதட்சணை இன்னும் பேரம் பேசியே வாங்கப்படுகிறது. நகை போட்டு, ரொக்கம் கொடுத்து, பெண் வீட்டார் கட்டிக் கொடுக்கிறார்கள். அதே நகையை அடகு வைத்துத்தான் மாப்பிள்ளைக்கு விசாச் செலவும் டிக்கெட்டும். வந்து இறங்கியபின் அடகை மீட்பதும் அவள் சம்பளத்தில். அப்படியானால் அவள் எத்தனை முறை விலை கொடுக்கிறாள்? பரிசுத்த ஸ்தலத்தில் நின்று மோதிரம் மாற்றிய கையோடு இதைச் செய்ய நமக்குக் கூச்சம் வரவில்லை. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், தம்பிமாரே. முழுசாக முடியாவிட்டால், அந்த அடகை மீட்கும் வரை உங்கள் வீட்டுக்கு ஒரு பவுண்டும் போகாது என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

கணவன்மாரிடம் இன்னும் கொஞ்சம் பேசுகிறேன். டிபெண்டன்டாக வருகிறவருக்கு இங்கே அநேகமாக எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஊர்ப் பட்டத்தையும் அனுபவத்தையும் முதல் நாளே யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பட்டத்துக்கு இந்நாட்டுச் சமநிலைச் சான்று வாங்க வேண்டும், இங்கே வேலை பார்த்த ஒருவர் பரிந்துரை தர வேண்டும், நேர்காணலுக்கு ஏற்ற பேச்சுப் பழக்கம் வர வேண்டும். அதுவரை கிடங்கில் நைட், தொழிற்சாலையில் பேக்கிங், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு என்றுதான் கிடைக்கும். அதில் ஒரு தாழ்வும் இல்லை. முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிற வேலை, கர்த்தர் சீஷர்களின் காலைக் கழுவியதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வேலை. ஆனால் ஊரில் இன்ஜினியர் என்று கூப்பிடப்பட்டவனுக்கு, தினமும் காலையில் மனைவி சீருடை போட்டுக் கிளம்ப, தான் சமையலறையில் நிற்பது முதலில் தொண்டையில் முள்ளாக இருக்கும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன் வரும். "என்னலே, பொண்டாட்டி சம்பளத்துலயா சாப்பிடுத?" என்று ஒரு மாமா கேட்பார். விளையாட்டுக்குத்தான் கேட்பார். அன்று இரவு அந்த வீட்டில் காரணமே இல்லாமல் ஒரு சண்டை நடக்கும்.

அந்த மாமாவுக்குப் பதில் சொல்ல இப்போதே பழகிக்கொள்ளுங்கள். "ஆமா மாமா, அவ சம்பளத்துல நானும், என் சமையல்ல அவளும் சாப்பிடுதோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

கூட வந்தவரின் வேலை எவ்வளவு பெரிது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1819 டிசம்பரில் சார்லஸ் மால்ட் என்ற மிஷனரி மனைவி மார்த்தாவோடு நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்தாக வேண்டும். லண்டன் மிஷன் நியமித்தது அவரைத்தான். மார்த்தா கூட வந்த மனைவி. தனிப் பதவியும் சம்பளமும் அவருக்கு இல்லை. இன்றைய கணக்கில் சொன்னால் அவர்தான் டிபெண்டன்ட். அந்த மார்த்தாதான் மிஷனரி மீட் ஐயரின் மனைவி தொடங்கிவைத்த பெண்பிள்ளைகளின் பள்ளியை எடுத்து நடத்தினார். இன்று நாகர்கோவிலில் டதி பள்ளி என்று நாம் சொல்வதன் வேர் அது. 1821 வாக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மடியில் ஒரு தலையணை, அதன் மேல் ஊசிகள் குத்திய மாதிரித் தாள், ஊசிகளைச் சுற்றி மாறி மாறிப் புரளும் நூல் சுற்றிய சின்னக் கட்டைகள். பார்வை ஒரு கணம் விலகினாலும் முடிச்சு தப்பிவிடும். அந்த லேஸ் விற்ற காசில், அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-ல். அதற்கு முன்பே நடந்தது இது. மால்ட் ஐயர் கட்டிய சபைகளை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பிரசங்கம் ஒன்றாவது இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா? மார்த்தா கற்றுக்கொடுத்த தொழிலோ தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்களின் விரலில் இருந்தது. என் பாட்டி காலத்திலும் எங்கள் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து பின்னினார்கள்.

ஆகவே தம்பி, கூட வந்தவரின் வேலை சின்ன வேலை என்று நம் சபைச் சரித்திரம் சொல்லவில்லை. விசாவில் உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது என்பதற்காக உன் அழைப்பு இரண்டாந்தரம் ஆகிவிடாது. இருநூறு வருடம் முன்பு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் எதை எதிர்பார்த்தோமோ அதைத்தான் இன்று உன்னிடம் கேட்கிறேன்.

மார்த்தாவின் மகள் எலைசா நம் மண்ணில் பிறந்து தமிழை நம் பிள்ளைகளைப் போலவே பேசி வளர்ந்தவர். 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். அந்தச் செம்மண் தேரிக் காட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸும் கொண்டு போனது எலைசா. பிறநாட்டில் பிறக்கும் உங்கள் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு எலைசா ஞாபகம் வரும். பெற்றோர் வந்திறங்கிய நாடு அவருக்குச் சொந்த நாடாகவே இருந்தது. உங்கள் பிள்ளையும் இந்த ஊர்ப் பேச்சைத் தன் பேச்சாகப் பேசும். அதற்காக அழ வேண்டாம். வீட்டில் தமிழில் மட்டும் ஜெபம் பண்ணுங்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பிள்ளை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இங்கே பேறுகால விடுப்பு 52 வாரம் வரை எடுக்கலாம். சட்டப்படி அதில் 39 வாரத்துக்குத்தான் பேறுகாலச் சம்பளம், அதுவும் முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். வேலையில் சேர்ந்து போதிய காலம் ஆகாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கும் வழியில்லை. ஆகையால் "எப்போ விசேஷம்?" என்று போனில் நச்சரிக்கிற அத்தைமாருக்குப் பயந்து முதல் வருடத்தில் முடிவெடுக்காதீர்கள். எப்போது என்று நீங்கள் இருவரும் ஜெபம் பண்ணி, டூட்டி ரோட்டாவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை வந்திருக்கலாம். அவர் போனபின் அத்தை வந்தால் மொத்தம் ஒரு வருடம் ஓடிவிடும். அதற்கு மேல் வளர்ப்பது நீங்கள் இருவரும்தான்.

அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். லாங் டே என்றால் காலை ஏழரைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு இறங்குவது. டிசம்பரில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அவள் வருகிற நேரம் அவன் கிடங்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். வாசல் படியில் கோட்டைக் கழற்றாமலே பிள்ளையை வாங்குவாள். "நாலு மணிக்குப் பால் குடிச்சான், கொஞ்சம் ஜுரம், மருந்து ஆறு மணிக்குக் கொடுத்தேன், அடுத்தது பத்து மணிக்கு" என்று அவன் வார்டில் டூட்டி ஒப்படைப்பதுபோலச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். வாரத்தில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது ஒரு வேளையாக இருக்கலாம். அந்த ஒரு வேளையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஐக்கியக் கூட்டத்துக்கும்கூட.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கையாலாகாத கோபம் கை நீட்டுவதில் போய் முடிந்த வீடுகளும் உண்டு. அப்படி நடந்தால் அவசர உதவிக்கு 999-ஐக் கூப்பிடுங்கள். சாட்சி கெட்டுவிடும், சபையில் பெயர் போய்விடும் என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அடிவாங்குவது சாட்சி ஆகாது. அவன் விசா உன் விசாவைச் சார்ந்தது, அவன் வாழ்க்கை போய்விடுமே என்று உன்னிடம் அழுவார்கள். அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம், மகளே.

ஏஜென்ட்மாரைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்திருக்கிற உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். ஸ்பான்சர் சான்றிதழுக்கு என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். முக்கியமாக, கேர் வொர்க்கர் விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சபை வாசலில் நின்று சொன்னால் நம்பவே வேண்டாம். அந்த வேலையில் வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர 2024 மார்ச் 11 முதல் அனுமதியில்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே 2025 ஜூலை 22-ல் நின்றுவிட்டது. நர்ஸ்களுக்கு இதை எழுதும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஐந்து வருடக் கணக்கைப் பத்தாக்கப் போவதாக இங்குள்ள அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை சொல்லிவிட்டது. வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். அவளோடு சேர்ந்து அவனுக்கும் பிள்ளைக்கும் அதே 60 நாள்தான். மூன்று பேரின் இருப்பும் ஒரு பெண்ணின் உடல்நலத்தில் நிற்கிறது என்றால் அவளுக்கு ஓய்வு என்பது ஆடம்பரமா? ஆஃப் நாளிலும் ஓவர்டைம் எடு என்று சொல்லும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

சபை விஷயம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், லண்டன் மிஷன் வழி வந்தவர்கள் எல்லோரும் அதில் ஒன்றானார்கள். அதனால் இங்கே எந்த ஆங்கிலிக்கன் கோயிலிலும் மெதடிஸ்ட் சபையிலும் நீங்கள் அந்நியர் அல்ல, திருவிருந்தில் சேரலாம். தமிழ் ஐக்கியம் கிடைத்தால் கட்டாயம் போங்கள். கீர்த்தனை பாடாமல் நமக்கு ஞாயிறு நிறைவதில்லை. ஆனால் உங்கள் தெருவில் இருக்கும் சின்னச் சபையையும் எட்டிப் பாருங்கள். அது யுனைட்டெட் ரிஃபார்ம்ட் சபையாக இருந்தால், லண்டன் மிஷனைத் தாங்கிய பழைய காங்கிரிகேஷனல் சபைகளின் வழி வந்தது. மால்ட் தம்பதியரை நம் ஊருக்கு அனுப்பக் காணிக்கை போட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே பத்துப் பேராக, வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் குழந்தை அழுதால் அவர்களுக்குச் சந்தோஷம். கணவனுக்கு அங்கே ஒரு வேலை உடனே கிடைக்கும். நாற்காலி போடவும், தேநீர் ஊற்றவும், கணக்கு எழுதவும் ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். வேலைக்கான பரிந்துரைக் கடிதம் அப்படித்தான் பலருக்குக் கிடைத்தது. ஆங்கிலமும் அங்கேதான் நாவில் படிந்தது.

ஊரில் இருக்கிற பெற்றோருக்கும் ஐயர்மாருக்கும் சில வார்த்தை. இந்தப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் ஒரு நாள் இரு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு அனுப்புவது, எத்தனை வருடத்துக்கு என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கல்யாண ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு ஒதுக்குகிற சபைக்கு இதற்கு ஒரு மாலை நேரம் இல்லாமல் போகாது. வழியனுப்பு ஜெபத்தில் "சகோதரியின் வேலையை ஆசீர்வதியும்" என்பதோடு நிறுத்தாமல், கூடப் போகிறவன் பெயரையும் சொல்லி அவன் செய்யப்போகிற வேலைக்காகவும் ஜெபியுங்கள். சபை அங்கத்தினர் கடிதம் கொடுக்கும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளே, பெட்டியைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். குக்கரும் புளியும் மிளகாய்த்தூளும் இங்கேயே கிடைக்கும், இடத்தை வீணாக்க வேண்டாம். காசநோய்ச் சோதனைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் தேதியைப் பாருங்கள். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ஒரு பெயர் என்று நம்மில் பலருக்கு இருக்கும். ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிவாருங்கள். கல்யாணப் பதிவுச் சான்றின் இரண்டு நகல் கைப்பையில் இருக்கட்டும். ஊர் டிரைவிங் லைசென்ஸை மறக்காதீர்கள், தம்பிமாரே. வந்து பன்னிரண்டு மாதம் வரை அதை வைத்து இங்கே கார் ஓட்டலாம். நைட் முடிந்து குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறவளை யாராவது போய்க் கூட்டிவர வேண்டுமே.

வருகிற தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபைகளில் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு மூத்த நர்ஸ்